யாருடைய திருமேனி?
காவிரி டெல்டாவின் செப்புத் திருமேனிகளும் உடைமை வரலாறும்

பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் 66 சென்டிமீட்டர் அகலமும் அதைவிடச் சற்றுக் குறைந்த உயரமும் கொண்ட ஒரு தைல ஓவியம் இருக்கிறது. பொழுது சாயும் நேரம். உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். அடிவானத்தில் ஒரு தேவாலயக் கோபுரம் சிறிதாகத் தெரிகிறது. அதன் மணியோசை அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறான். அவள் கைகுவித்துத் தலை தாழ்த்தியிருக்கிறாள். ழான் பிரான்சுவா மில்லே 1857க்கும் 1859க்கும் இடையில் வரைந்த ‘ஆன்ஜெலுஸ்’ இது. பூண்டியிலும் வேளாங்கண்ணியிலும் கத்தோலிக்கர்கள் திரிகால ஜெபம் என்று சொல்லிவந்த மன்றாட்டுதான் ஓவியத்தின் பொருள். நார்மண்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் மில்லே. வயலில் மணியோசை கேட்டதும் வேலையை நிறுத்தி, இறந்துபோன ஏழைகளுக்காக எல்லாரையும் ஜெபிக்கவைத்த தன் பாட்டியை நினைத்தே அதை வரைந்ததாகப் பின்னாளில் அவர் எழுதினார்.

இந்த ஓவியம் கைமாறிய கதை அதன் பொருளுக்கு நேர் எதிரானது. பாஸ்டன் நகரத்துச் செல்வர் தாமஸ் கோல்ட் ஆப்பிள்டன் இதை வரையச் சொல்லிவிட்டுக் கடைசியில் வாங்கிக்கொள்ளவில்லை. 1860இல் அது ஆயிரம் ஃபிராங்குக்குப் போனது. 1881இல் ஒரு லட்சத்து அறுபதாயிரம். மில்லே இறந்து 14 ஆண்டுகளுக்குப் பிறகு, 1889 ஜூலையில் நடந்த, செக்ரெத்தான் என்னும் சேகரிப்பாளரின் ஏலத்தில் ஐந்து லட்சத்து ஐம்பத்து மூவாயிரம். ஃபிரான்ஸ் அரசு அந்தத் தொகையைக் கொடுக்க முன்வராததால் ஓவியம் அமெரிக்காவுக்குப் போனது. நுழைவுச்சீட்டு வைத்துக் காட்டப்பட்டது. பாரிஸின் பெருங்கடை முதலாளி அல்ஃபிரட் ஷோஷார் அதைவிடப் பெரிய விலை கொடுத்து அதை மீட்டுவந்தார். 1909இல் அவர் இறந்தபோது உயில் வழியாக நாட்டுக்குச் சேர்ந்து லூவ்ருக்குப் போனது. 1986இல் ஓர்சேக்கு மாறியது. விலை இப்படி ஏறிக்கொண்டேபோக, வரைந்தவரின் குடும்பத்துக்கு அதில் ஒன்றும் வரவில்லை என்ற குறை ஃபிரான்ஸில் நெடுநாள் பேசப்பட்டது. மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு தரும் சட்டம் 1920இல் அங்கே வந்தது. விலைப்பட்டியல் ஒன்றே முழு வரலாறு ஆகாது என்பதை அந்த வணிகமே அன்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஆனாலும் ஆன்ஜெலுஸ் விற்பனைக்காக வரையப்பட்ட படம். அதை யாரும் கும்பிடவில்லை; கும்பிடுகிறவர்களை அது காட்டுகிறது. ஆகவே யார், யாரிடமிருந்து, எந்த ஆண்டில், எவ்வளவுக்கு வாங்கினார் என்ற வரிசையே அதன் உடைமை வரலாறாக இருப்பதில் தவறில்லை. அதே வகைப் பட்டியலைக் கொண்டு, மக்கள் நீராட்டி, அலங்கரித்து, தோளில் தூக்கி வீதி சுற்றிய ஒரு திருமேனிக்கும் உரிமை பேச முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. முடியாது என்பது என் வாதம். ஒரு கோயில் திருமேனியின் உடைமை வரலாறு அதன் வழிபாட்டின் வரலாறுதான். விற்றவர், வாங்கியவர் பெயர்களெல்லாம் அந்த வழிபாடு தடைப்பட்ட காலத்தின் குறிப்புகள். உரிமை மாறியதற்கான சான்றுகள் அல்ல. கடந்த எழுபது ஆண்டுகளில் காவிரிக் கரை ஊர்களிலிருந்து கடல் கடந்த மூன்று நடராசர்களின் கதை இதற்குப் போதுமான ஆதாரம்.

அதற்கு முன், உடைமையை எழுதிவைக்கும் வழக்கம் இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்பதைச் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: முதலாம் இராசராசன், அவன் தமக்கை குந்தவை, தேவியர், அதிகாரிகள் என்று யார் யார் எந்தச் செப்புத் திருமேனியை எழுந்தருளுவித்தார்கள் என்பது பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. பாதம் முதல் கேசம் வரை எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கைகள், பீடத்தின் அளவு என்ன, சாத்திய நகைகளின் எடை என்ன என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. கோயில் நிர்வாகத்தைக் கவனித்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்னும் அதிகாரி இராசராசனுக்கும் லோகமாதேவிக்கும் திருமேனி செய்துவைத்த செய்தியும் அங்கே உண்டு. அந்த இரண்டு திருமேனிகள் என்று சொல்லப்பட்டவற்றை 2018இல் அகமதாபாத்தின் ஒரு தனியார் அருங்காட்சியகத்திலிருந்து சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு திரும்பக் கொண்டுவந்தபோது, இவைதான் அவையா என்று அறிஞர்கள் விவாதிக்க எடுத்துக்கொண்ட அளவுகோல் அந்தக் கல்வெட்டுதான். இன்றைய அருங்காட்சியகப் பதிவேட்டில் இருக்க வேண்டிய பெரும்பாலான விவரங்களை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தவர்கள் நம்மவர்கள். அந்தப் பதிவில் கொடுத்தவர் பெயர் உண்டு, பெற்றுக்கொண்ட இறைவன் பெயர் உண்டு. திருமேனிக்கு விலை என்று ஒன்று இல்லை. மனிதர் யாரும் உரிமையாளராக நிற்கவில்லை. கொடை அங்கே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு விற்க யாருக்கும் அதிகாரமில்லை.

இனி முதல் வழக்கு. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்கடியிலிருந்து நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் கிடைத்தன. புதையலாகக் கிடைத்தவற்றை அரசு கோயிலிடமே ஒப்படைத்தது. பழுது பார்ப்பதற்காக அவை ஒரு ஸ்தபதியிடம் போயின; திரும்பி வந்தவை நகல்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965இல் வெளியிட்ட சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய நூலில், கோயிலில் இருப்பது போலி என்று குறித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. மூலத் திருமேனி பம்பாய் வழியாக நியூயார்க் போய், 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியத் தொழிலதிபர் நார்ட்டன் சைமனிடம் ஒன்பது லட்சம் டாலருக்குப் போய்ச் சேர்ந்தது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் சமரசம் ஏற்பட்டது: உரிமை இந்தியாவுடையது என்று ஏற்றுக்கொண்டு, பத்து ஆண்டுகள் அவர் அருங்காட்சியகத்தில் வைத்துக்கொள்வது. 1986இல் நடராசர் திரும்பி வந்தார். இந்த ஒப்பந்தத்தில் ஒரு நீதி உண்டு, ஒரு குறையும் உண்டு. உரிமை யாருடையது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் அந்த உரிமை அரசுக்கும் ஒரு செல்வருக்கும் இடையிலான பேரமாக முடிந்தது. சிவபுரத்து மக்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

இரண்டாவது வழக்கு அந்தக் குறையைத் தீர்த்தது. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த விசுவநாதர் கோயில் பகுதியில், 1976இல் ஒரு கூலித் தொழிலாளி தன் குடிசையருகே மண் வெட்டியபோது நடராசர் உள்ளிட்ட திருமேனிகள் வெளிப்பட்டன. நடராசர் திருமேனி பல கைகள் மாறி லண்டனுக்குப் போனது. 1982இல் கனடாவின் ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த பம்பர் என்னும் நிறுவனம் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கியது. பழுது பார்ப்பதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் அதைக் கைப்பற்றியது. இந்திய அரசு, தமிழக அரசு, கோயிலின் தக்கார் ஆகியோருடன் கோயிலும், அங்கே எஞ்சியிருந்த சிவலிங்கமும் வழக்காடுகிறவர்களாக நின்றன. நடராசர் மீது ஒட்டியிருந்த மண்ணும், கறையான் ஊர்ந்த தடமும், அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளும் ஒத்துப்போகின்றனவா என்று வல்லுநர்கள் நாள்கணக்கில் சாட்சி சொன்னார்கள். 1988இல் கீழ் நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலின் பக்கம் தீர்ப்பளித்தன. இந்து தெய்வம் சட்டத்தின் பார்வையில் ஓர் ஆள் என்பதை 1925இலேயே பிரிவி கவுன்சில் ஒரு வங்காள வழக்கில் ஏற்றுக்கொண்டிருந்தது. பத்தூர் வழக்கு அதை ஒரு படி மேலே கொண்டுபோனது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலம் கொடுத்துக் கோயில் கட்டியவரின் அற நோக்கம் அழியவில்லை, அது அந்த லிங்கத்தின் உருவில் இன்னும் நிற்கிறது என்பது கீழ் நீதிமன்றத்தின் முடிவு. பூசை நின்று, சுவர் இடிந்து, கூரை போன பின்பும் உரிமை போகவில்லை. விலை கொடுத்து வாங்கியவரின் ரசீது, எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கொடையின் முன் நிற்க முடியவில்லை.

மூன்றாவது வழக்கு ஆவணங்களைப் பற்றியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் நடராசர் 2006 வாக்கில் திருடப்பட்டார். நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் வழியாக, 2008இல் கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியக் காட்சிக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. கூடவே ஒரு தாள் வந்தது: பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் வாங்கப்பட்டு வெளியேறியது என்று சொல்லும் தாள். அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972இல் வந்தது. அதற்கு முன் வெளியேறியது என்று காட்டிவிட்டால் கேள்வி குறையும். அந்தத் தாள் பொய் என்று நிரூபித்தது புதுச்சேரி ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு. 1950களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களில் ஊர் ஊராகப் போய் எடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேலாகச் சேர்த்த படங்கள் அவை. அதிலிருந்த ஸ்ரீபுரந்தான் நடராசரும் கான்பராவில் நின்ற நடராசரும் ஒருவரே என்பதை ஆர்வலர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அதை டெல்லியில் திருப்பிக் கொடுத்தார். 2011இல் ஜெர்மனியில் கைதான கபூருக்கு, வேறொரு சிலைத் திருட்டு வழக்கில், 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. சந்தை எழுதிவைக்கும் உடைமை வரலாற்றை ஒரு தட்டச்சுத் தாளில் புனைந்துவிடலாம். கோயிலுக்குள் வழிபாட்டில் இருந்தபோது எடுத்த ஒரு புகைப்படத்தைப் புனைவது அவ்வளவு எளிதல்ல. கல்வெட்டு செய்த வேலையை இங்கே புகைப்படம் செய்தது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை எளியவை அல்ல. அவற்றுள் மிகக் கூர்மையானது சிவபுரத்திலிருந்தே எழுகிறது. நகல் இருந்த ஆண்டுகளில் அங்கே பூசை நடந்தது, மக்கள் கும்பிட்டார்கள், வேண்டுதல் செலுத்தினார்கள். ஆகம முறைப்படியும், பின்னப்பட்ட திருமேனியிலிருந்து சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, புதுத் திருமேனியில் ஆவாகனம் செய்து வழிபடலாம். அப்படியானால் பக்திக்கு மூலம்தான் வேண்டும் என்பது என்ன கட்டாயம்? நகல் ஊரிலும் மூலம் உலகம் பார்க்கும் கண்ணாடிப் பேழையிலும் இருந்தால் யாருக்கு நட்டம்? மில்லேயின் ஓவியமே இப்படித்தான் வாழ்ந்தது. மூலம் பாரிஸில் இருக்க, அதன் அச்சுப்படங்கள் ஐரோப்பிய வீடுகளின் சுவர்களில் மாட்டப்பட்டன என்று ஒருவர் கேட்கலாம். விடை இதுதான். ஆகமம் சொல்லும் மாற்றம் தெரிந்து, சடங்கோடு, ஊரறியச் செய்யும் மாற்றம். சிவபுரத்தில் நடந்தது ஊருக்குத் தெரியாத மாற்றம். ஏமாற்றப்பட்டவரின் நம்பிக்கை குலையவில்லை என்பது ஏமாற்றியவரின் குற்றத்தைக் குறைக்காது. அதற்கும் மேலாக, உரிமை என்பது தேவையை வைத்து அளக்கப்படுவதல்ல. கோயிலுக்கு மூலம் அவசியமா என்று கேட்கும் அதிகாரம் வாங்கியவருக்கு எங்கிருந்து வந்தது? கொடுத்தவர் இறைவனுக்குக் கொடுத்தார். இடையில் நின்ற அறங்காவலரோ ஸ்தபதியோ அதற்கு உரியவர் அல்லர். தம்மிடம் இல்லாத உரிமையை அவர்களால் விற்க முடியாது. உலகம் பார்க்க வேண்டும் என்றால் நகல் போகட்டும். அச்சுப்படம் தூரத்தில் இருப்பவர்களுக்காக ஏற்பட்டதுதான்.

இரண்டாவது ஆட்சேபம் ‘புதையல்’ பற்றியது. சிவபுரத்திலும் பத்தூரிலும் திருமேனிகள் மண்ணுக்குள் கிடந்தவை. கைவிடப்பட்டவற்றுக்கு உரிமை ஏது என்று கேட்கலாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் நிலத்தில் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள பொருளை அரசின் கவனத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறது. உரியவர் யார் என்று நிறுவப்படாவிட்டால் அதைக் கண்டெடுத்தவர், நிலத்துக்குடையவர், அரசு என்ற கணக்கில் தீர்க்கிறது. ஆனால் டெல்டாவில் திருமேனிகளைப் புதைத்தவர்கள் அவற்றைக் கைவிட்டுப் போகவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலிக் காபூரின் படையெடுப்பும் பின்னாளையப் போர்களும் வந்தபோது, கோயில் வளாகத்துக்குள்ளேயே குழி தோண்டி, மணல் பரப்பி, அடுக்கிவைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் செய்த பாதுகாப்பு அது. மறைத்துவைத்ததைத் தொலைத்ததாகக் கொள்வது நியாயமல்ல. இந்தக் கேள்வி வெளிநாட்டு அருங்காட்சியகங்களோடு நிற்காது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். திருவெண்காட்டில் மண்ணிலிருந்து கிடைத்த, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகனதேவர் இன்று தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறார். உலகம் வியக்கும் அழகு அது, நன்றாகப் பேணப்படுகிறது. திருவெண்காட்டில் கோயிலும் இருக்கிறது, பூசையும் நடக்கிறது. கான்பராவிடம் ஒரு நியாயமும் தஞ்சாவூரிடம் வேறொரு நியாயமும் பேச முடியாது. அருங்காட்சியகங்களைக் காலி செய்ய வேண்டும் என்பதல்ல என் கருத்து. வழிபாடு உயிரோடிருக்கும் ஊரின் திருமேனியை வைத்திருக்கும் எந்த நிறுவனமும், அந்த ஊரோடு பேசி அதன் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் ஊர் என்ற சொல்லையே குடைகிறது. ஊரின் உடைமை என்கிறோம். எந்த ஊர், யாருடைய ஊர்? நெல் விளைவித்தவர்களில் பெரும்பகுதியினர் நெடுங்காலம் கோயில் வாசலைத் தாண்ட முடியாதவர்கள். தஞ்சைப் பெரிய கோயிலும் அரண்மனை தேவஸ்தானத்தின் மற்றக் கோயில்களும் எல்லாருக்கும் திறக்கப்பட்டது 1939இல்தான். பத்தூரில் மண்வெட்டி எடுத்தவர் நிலமற்ற கூலித் தொழிலாளி. அவர் கண்டெடுத்ததை ஊர்ப் பொதுச்சொத்து என்று அவர் உணர வேண்டுமானால், அந்தப் பொதுவில் அவரும் ஒருவராக இருந்திருக்க வேண்டும். இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இது உரிமையை மறுப்பதற்கான காரணமல்ல, உரிமையை விரிப்பதற்கான காரணம். உரிமை தெய்வத்துடையது என்ற சட்டக் கருத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. அது எந்தக் குடும்பத்துக்கும், எந்தச் சாதிக்கும், எந்த மிராசுக்கும் திருமேனியைத் தரவில்லை. கும்பிட வருகிற ஒவ்வொருவரும் அதில் சமபங்கு கேட்கலாம். தெய்வத்தின் பெயரால் வெளிநாட்டில் வெல்லும் ஊர், அதே தெய்வத்தின் முன் உள்ளூரில் யாரையும் தள்ளி நிறுத்தினால் தன் வழக்கைத் தானே தோற்கடிக்கிறது.

நான்காவது, பாதுகாப்பு. பூட்டுக்கூட இல்லாத கோயிலில் வைத்துத் திருடு கொடுப்பதைவிட அருங்காட்சியகமே மேல் என்பார்கள். திருட்டு உண்மை, அதனால்தான் திருவாரூர், கும்பகோணம் போன்ற இடங்களில் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையங்கள் அமைந்தன. கடல் தாண்டி வழக்காடி மீட்ட பத்தூர் நடராசரும் திருவாரூர் மையத்துக்குத்தான் வந்தார். அந்த மையங்கள் பலவற்றைக் காப்பாற்றியிருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஸ்ரீபுரந்தானில் திருட்டு எப்படி முடிந்தது என்று பாருங்கள்: அன்றாட வழிபாடு நின்று, கோயில் பூட்டிக்கிடந்ததால், உள்ளே இருந்தவை போனதே நெடுநாள் யாருக்கும் தெரியவில்லை. 2008இல், இருப்பவற்றைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் வந்தபோதுதான் தெரிந்தது. ஆள் நடமாட்டமும் விளக்கும் நைவேத்தியமும் உள்ள சந்நிதியில் ஒரு நாள்கூடத் திருட்டு மறையாது. வழிபாடே முதல் காவல். அது நின்ற இடத்தில்தான் இரும்புக் கதவு தேவைப்படுகிறது. வழிபாடு நிற்பதற்கும் காரணம் உண்டு. கோயில் நிலத்தின் நெல் குத்தகை வரவில்லை என்றால் குருக்களுக்குச் சம்பளமில்லை. அவர் நான்கைந்து கோயில்களைச் சேர்த்துப் பார்க்கிறார். பிறகு ஒருகால பூசையும் அருகிப்போகிறது. அறநிலையத் துறையின் ஒருகால பூசைத் திட்டத்தின் நோக்கம் இந்த ஓட்டையை அடைப்பதுதான். சிலைத் திருட்டை ஒழிக்க அந்தத் திட்டத்தின் பணம் போலீஸ் செலவைப் போலவே அவசியமானது.

இந்த இடத்தில் பேராவூரணி போன்ற கடைமடைப் பகுதிகளுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. கல்லணைக் கால்வாய் 1930களில் வந்து சேரும்வரை ஏரிப் பாசனத்தையும் மானாவாரியையும் நம்பியிருந்த நிலம் இது. மேல் டெல்டாவின் பெருங்கோயில்களுக்கு இருந்த மானியச் செழிப்பு இங்கே பல கோயில்களுக்கு இல்லை. பிறகு தென்னை வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தத் தென்னையையும் சாய்த்தது. வருமானம் குறைந்த கோயிலும், வேலை தேடி வெளியூர் போன குடும்பங்களும் சேர்ந்தால், திருமேனியைக் கவனிக்க ஆளிருக்காது. ஆனால் பேராவூரணி நீலகண்டப் பிள்ளையார் கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் ஊர் வந்து சேர்வதை இந்தப் பகுதி அறியும். அப்படிக் கூடுகிற ஊருக்குத் தன் கோயிலில் என்னென்ன திருமேனி உண்டு என்று எழுதிவைப்பது எட்டாத காரியமல்ல. ஒவ்வொரு கோயிலிலும் எத்தனை உற்சவத் திருமேனிகள், ஒவ்வொன்றின் உயரம், எடை, கைகள், முத்திரை, பீடத்தின் அளவு, பழுது, எந்த விழாவில் எழுந்தருளும், யாருடைய உபயம் என்பதை எழுதி, நான்கு பக்கமும் படமெடுத்து, ஒரு படி கோயிலிலும் ஒரு படி ஊராட்சியிலும் ஒரு படி அறநிலையத் துறையிலும் வைக்கலாம். எழுதிவைப்பதால் திருடர்களுக்கு வழிகாட்டுகிறோம் என்ற அச்சம் தேவையற்றது.  பதிவு இருப்பது தெரிந்தால் பெரிய அருங்காட்சியகம் எதுவும் துணிந்து வாங்காது. பாதுகாப்பு மையத்தில் இருக்கும் திருமேனிகளை விழா நாட்களில் ஊருக்கு எழுந்தருளச் செய்யும் வழக்கத்தை விதிவிலக்காக வைக்காமல் உரிமையாக்க வேண்டும். ஊரில் பாதுகாப்பும் பூசையும் உறுதியானதும் நிரந்தரமாகத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

மூன்று நடராசர்கள் திரும்பி வந்ததை வெற்றி என்று கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் விமான நிலையத்தில் இறங்கியதோடு உடைமை நிறைவடைவதில்லை. மில்லேயின் ஓவியம் ஃபிரான்ஸுக்குத் திரும்பி ஒரு சுவரில் தொங்கியதும் அதன் வரலாறு அமைதி பெற்றது. பார்க்கப்படுவதற்காகப் பிறந்த படத்துக்கு அது போதும். நீராட்டப்படவும் தூக்கப்படவும் வார்க்கப்பட்ட திருமேனிக்கு அது போதாது. லண்டன் நீதிமன்றம் பத்தூரின் இடிந்த கோயிலை உரிமையாளர் என்று ஏற்றது. அந்த உரிமையாளரிடம் பொருளை ஒப்படைக்கும் கடமை இப்போது நம்முடையது. கோயிலைக் கட்டுவதும், பூசைக்கு வழி செய்வதும், எல்லாரையும் உள்ளே சேர்ப்பதும், இருப்பதை எழுதிவைப்பதும் அந்தக் கடமையின் பகுதிகள். அவற்றைச் செய்யாமல் வெளிநாட்டிடம் மட்டும் நியாயம் கேட்டால், தீர்ப்பு நம் கையில் இருந்தும் வழக்கு முடியாமல் கிடக்கும்.